இருபத்தி மூணாம் பக்கம்

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க டீச்சர்... இல்ல, பரவாயில்ல, உக்காருங்க. இப்ப யாரு வரப்போறா. பழக்கத்துல சொல்லிட்டேன்.

கரண்ட் வர அரை மணி நேரமாவது ஆகும். ட்ரான்ஸ்பார்மர்ல ஆள் ஏறியிருக்கான். வேற கடைக்குப் போனாலும் இதே கதைதான், இந்த ரோடு பூரா ஒரே லைன். நீங்க புதுசா வந்திருக்கிற உயிரியல் டீச்சர்தான? கையில இருக்கிற கட்டப் பாத்தாலே தெரியாதா? இனப்பெருக்கம், மரபியல், முக்கிய வினா விடை, நாப்பது செட்டு. குணவதி டீச்சரும் வருஷா வருஷம் பொங்கல் முடிஞ்சதும் இதத்தான் தூக்கிட்டு வருவாங்க. அவங்க மாறுதலாகிப் போனது எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு. கையாலயே எழுதுவாங்க, முத்து முத்தா இருக்கும். நீங்க டைப் பண்ணியாச்சா? நல்லது.

ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. ஒம்பது வருஷமா இந்த ஸ்கூலுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் மிஷின் வச்சிருக்கேன். எந்தக் கேள்வி வரும், எது வராதுன்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு கொஸ்டின் எடுக்கிறவங்களுக்கே தெரியாது. சிரிக்காதீங்க. பழைய கொஸ்டின் பேப்பர் அத்தனையும் என் கை வழியாத்தான போகுது? மெண்டல் பட்டாணி ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வரும். ரத்த வகை கேட்டா நிறக்குருடு கேக்க மாட்டான். பிள்ளைக வந்து "யக்கா, இது வருமா?"ன்னு நிக்கும். இந்தத் தங்கபுஷ்பம் சொன்னா சொன்னதுதான். ஒரே ஒரு தடவ சறுக்குச்சு. அது சறுக்கல்னும் சொல்ல முடியாது. அது வேற வயித்தெரிச்சல்.

சங்கரேஸ்வரின்னு ஒரு பிள்ள. போன வருஷம் உங்க ஸ்கூல்ல பன்னெண்டாவது. அவ அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவ. வீடு ஒரே ரூம்பு. அதுக்குள்ள டிவி, ரெண்டு தம்பிமாரு, எந்நேரமும் கத்துற அப்பன். அங்க எங்க போயி ஒப்பிக்க? ஒரு நாள் ஏதோ நோட்ஸ் எடுக்க வந்தவ, "யக்கா, இங்க ஓரமா உக்காந்து படிச்சிக்கிடவா?"ன்னு கேட்டா. படிச்சிக்கோன்னேன். அவ்வளவுதான். மறுநாள்ல இருந்து நாலரைக்கு டாண்ணு வந்துரும். ஏழு மணிக்கு அவ அம்மா வேல முடிஞ்சு வரும்போது கூடவே போவா.

நான் புத்தகத்தப் புடிச்சிக்கிடணும். அவ கண்ண மூடிட்டு ஒப்பிப்பா. ஒரு சொல்லு மாறுனாலும் விட மாட்டேன், "உம்ஹூம்"பேன். மறுபடி மொதல்ல இருந்து சொல்லணும். நடுவுல கிராக்கி வந்தா ஒரு கையில மிஷின் மூடிய அமுக்கிட்டு, இன்னொரு கையில புத்தகத்தப் புடிச்சிட்டு நிப்பேன். ஆதார் கார்டு எடுக்க வந்த பெரியவர் ஒருத்தர், பாதி பாடத்தக் கேட்டுட்டு "என்னம்மா இந்தப் பிள்ள கருப்பை அது இதுன்னு சத்தமாச் சொல்லுது"ன்னாரு. "உம்ம பேத்தி மட்டும் எப்படிப் பொறந்தா?"ன்னு கேட்டேன். மனுஷன் மீதிச் சில்லறைய வாங்காமப் போயிட்டாரு.

அந்தப் பிள்ளை ஒப்பிச்சு ஒப்பிச்சு எனக்கே பாதிப் பாடம் மனப்பாடம். நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி. ஓங்கு, ஒடுங்கு. எங்க அப்பா நெட்டை, அம்மா குட்டை, நான் பாருங்க இத்துனூண்டு. "அப்ப நான் யாருட்டி?"ன்னு கேட்டேன். "நீங்க ஒடுங்குக்கா, ரெண்டு பக்கமும் இருந்து வந்தாத்தான் வெளிய தெரியும்"ன்னா. கட்டம் போட்டுக் காட்டுனா, நாலு கட்டம், மேல அப்பா, சைடுல அம்மா. "எனக்கும் அவருக்கும் ஒரு கட்டம் போடு, பிள்ளை எப்படி இருக்கும்னு பாப்போம்"னு விளையாட்டுக்குத்தான் சொன்னேன். பென்சில எடுத்தவ அப்படியே வச்சிட்டா. "எதுக்குக்கா"ன்னா. அன்னைக்கு அதுக்கு மேல படிக்கல.

எனக்குப் பிள்ளை இல்ல டீச்சர். மறைக்க என்ன இருக்கு, ஊருக்கே தெரியும். பன்னெண்டு வருஷம் பாத்தோம். போகாத கோயில் இல்ல. திருநெல்வேலியில ஒரு டாக்டரம்மாகிட்ட எட்டு மாசம் போனேன். ஸ்கேன், ஊசி, எல்லாம் பாத்தாச்சு. கடைசியில அந்தம்மா, "உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா, அடுத்த தடவ உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா"ன்னுச்சு. அதுக்கு மேல என்ன செய்யன்னு தெரியல போல, அவரு பக்கம் தள்ளிவிடுது. நான் வீட்டுல வந்து அதச் சொல்லவே இல்ல. ஆளு கல்லு மாதிரி இருப்பாரு டீச்சர், ஒரு தலைவலின்னு படுத்தது கிடையாது. நல்லா இருக்கிற மனுஷன எதுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல உக்கார வைக்கணும்?

அவருக்குத் திருப்பூர்ல இன்னொரு பொண்ணு பாத்துக் கட்டி வச்சோம். வச்சோம்னா, நானும் கூடப் போனேன். பொண்ணுக்குப் பூ வச்சு விட்டதே நான்தான். பிறத்தியாரு ஆயிரம் பேசலாம், அவரு நல்ல மனுஷன். இந்தக் கடைய என் பேருலயே போர்டு எழுதி, மிஷின இறக்கிக் குடுத்துட்டுத்தான் திருப்பூருக்குப் போனாரு. குத்தம் என் மேல இருக்கும்போது இந்த அளவுக்கு யாரு செய்வா?

ஆனா அவரு ராசியப் பாருங்க. அங்கயும் இன்னும் ஒண்ணும் தங்கல. அந்தப் பிள்ளைக்கும் ஏதோ கோளாறு போல. வாய்ச்சது ரெண்டும் இப்படி. அவ பேரு சுலோச்சனா. நல்ல பிள்ளை, பாவம். "யக்கா, நீங்க எந்தெந்தக் கோயிலுக்குப் போனீங்க?"ன்னு எனக்குத்தான் போன் போட்டுக் கேப்பா. நானும் ஒவ்வொண்ணாச் சொல்லுவேன். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பச்சத்தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கா இப்ப. நான் சொல்லித்தான்.

சரி, விஷயத்துக்கு வாறேன். போன வருஷம் இதே மாதிரி குணவதி டீச்சர் ஒரிஜினல் கொண்டாந்து குடுத்தாங்க. நாப்பத்திரெண்டு செட்டு. முப்பத்தொரு பக்கம். நானும் சங்கரேஸ்வரியும்தான், ஈஸ்வரின்னுதான் கூப்பிடுவேன். நான் எடுத்துப் போட, அவ அடுக்கிப் பின் அடிக்க. பேசிக்கிட்டே போகுது வேல. இருபத்திரெண்டு முடிஞ்சு அடுத்த தாளக் கண்ணாடியில வைக்கப் போறேன், தலைப்பு, "மலட்டுத்தன்மை: காரணங்கள்."

எடுத்து ட்ராயர்ல போட்டுட்டு இருபத்தி நாலுக்குப் போயிட்டேன்.

மங்கலா இருந்துச்சு டீச்சர், அதான். ...மங்கலா எல்லாம் இல்ல. உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். இந்த மிஷின்ல தாளு மேல பாத்துத்தான் வந்து விழும். நாப்பத்திரெண்டு தடவ அந்தச் சொல்லு என் மூஞ்சியப் பாத்து வந்து விழணுமா? அந்தச் சொல்ல என் மாமியா வாயில பன்னெண்டு வருஷம் கேட்டாச்சு. என் கடையில, என் மிஷின்லயும் அது வரணுமா?

ஈஸ்வரிக்குக் கண்ணு கூர்மை. "யக்கா, இருபத்திரெண்டுக்கு அப்புறம் இருபத்தி நாலு வருது"ன்னா. "அது வராதுட்டி. போன வருஷம்தான் கேட்டான், இந்த வருஷம் கேக்க மாட்டான்"னேன். நான் சொன்னா மறுபேச்சு ஏது? பேசாமப் பின் அடிச்சா.

ஒரு பத்து நாளு போயிருக்கும். ஒரு சாயங்காலம் திருப்பூர்ல இருந்து போன். சுலோச்சனா அழுகா. அந்த மாசமாவது தள்ளிப் போகும்னு நம்பியிருக்கா, போகல. அவ மாமியா, எனக்கும் அவதான மாமியா, "மூத்தவ சாபம்தான் உன்னையும் புடிச்சிருக்கு"ன்னு சொல்லிட்டாளாம். நான் இங்க இருந்து என்ன செய்ய? "அழாத, நான் சாபம் எல்லாம் விடல, சத்தியமா விடல, இன்னும் ஒரு மண்டலம் விரதம் இரு"ன்னு ஆறுதல் சொன்னேன். போன வச்சுட்டுத் திரும்புனா ஈஸ்வரி என்னையே பாத்துக்கிட்டு இருக்கா.

"யக்கா, அவங்களுக்கும் இல்லையா?"

"இல்லட்டி."

"கல்யாணமாகி எத்தன வருஷம்?"

"இந்தக் கடைக்கு என்ன வயசோ அதுதான்."

அவ பின் தீந்துட்டுன்னு சொல்லி ட்ராயரத் திறந்து ரொம்ப நேரம் குடைஞ்சுக்கிட்டு இருந்தா. நான் கிராக்கியப் பாத்துட்டு இருந்தேன்.

மறுநாள் வந்தா பாருங்க. வந்ததும் வராததுமா அந்த இருபத்தி மூணாம் பக்கத்த என் கையில நீட்டுதா. "யக்கா, இதப் புடிங்க, ஒப்பிக்கேன்." "அது வராதுன்னு சொன்னேன்ல"ன்னேன். "வராட்டிப் பரவாயில்லக்கா, ஒரு தடவ கேளுங்க. மொத பாதி மட்டும் போதும்." வேண்டாம்னேன். "உங்களுக்காகத்தான்க்கா"ன்னா.

எனக்காகத்தானாம்! பாத்தீங்களா வாய? நான் வாங்கிப் பாத்தா பென்சில்ல கோடு கோடாப் போட்டு வச்சிருக்கா. ஊருல எவ எவளோ குத்திக் காட்டுனப்ப எல்லாம் பொறுத்துக்கிட்டேன். என் ஸ்டூல்ல உக்காந்து, நான் போட்டுக் குடுத்த டீயக் குடிச்சிட்டு, பதினேழு வயசுப் பிள்ளை எனக்குக் கோடு போட்டுக் காட்டணுமா? அவ கண்ண மூடிட்டு, "ஆண்களிடம்..."னு ஆரம்பிச்சா. நான் அதுக்கு மேல விடல. "நிறுத்துட்டி. உன் ஆத்தா சொல்லிக் குடுத்து அனுப்புனாளா? பெத்தவ வீட்டுல போயி ஒப்பி, போ. மலடி கடையில உனக்கு என்ன வேல?"ன்னு கேட்டுட்டேன்.

ஆமா டீச்சர். அந்தச் சொல்ல நானே சொன்னேன், என் வாயால.

அவ அழல. பைய எடுத்து மாட்டுனா. ரோட்டுல இறங்கி நின்னு, "யக்கா, நீங்க ஒரு தடவ வாசிங்க"ன்னா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். மறுநாள் நாலரை ஆச்சு, அஞ்சு ஆச்சு, வரல. அதோட சரி.

அப்புறம் பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்துச்சு. தினம் நாலரைக்கு ஸ்டூல இழுத்துப் போடுவேன். எதுக்குப் போடுறேன்னு எனக்கே ஆத்திரமா வரும். உள்ள தள்ளி வைப்பேன், மறுபடி இழுத்துப் போடுவேன். யாரு அவளுக்குப் புத்தகம் புடிக்காகளோன்னு இருக்கும். கடைய அடைச்சிட்டு வீட்டுக்குப் போனா, நானே பூட்டத் திறக்கணும், நானே லைட்டப் போடணும். முன்னாடியும் அப்படித்தான, அப்பல்லாம் தெரியல. பாழாப்போன பிள்ளை, மூணு மணி நேரம் வந்து உக்காந்து பழக்கத்தக் கெடுத்துட்டுப் போயிட்டா.

உயிரியல் பரீட்ச அன்னைக்குக் கடையத் திறந்து வச்சிட்டு உக்காந்திருக்கேன். மணி ஒண்ணே கால். ஸ்கூல் கேட்டத் திறந்து விட்டாச்சு. மொதல்ல வந்த பிள்ளை கையில இருந்த கொஸ்டின் பேப்பர வாங்கிப் பாத்தேன். அஞ்சு மார்க், கட்டாயக் கேள்வி. அதேதான் டீச்சர். மலட்டுத்தன்மைக்கான காரணம்.

நாப்பத்திரெண்டு பிள்ளைக. என் ஒருத்தி ரோசத்துல நாப்பத்திரெண்டு பிள்ளைகளுக்கு அஞ்சு மார்க்க முழுங்கிட்டேனே! ஷட்டர முக்கால்வாசி இறக்கிட்டு உள்ள இருட்டுல நின்னேன். குணவதி டீச்சர் வந்து கேட்டா என்ன சொல்ல? பிள்ளைக பூராவும் கடைய வந்து உடைச்சாலும் கேக்க நாதியில்ல. ஆனா வெளிய ஒரே சிரிப்புச் சத்தம். குனிஞ்சு பாத்தா எல்லாம் சந்தோஷமாப் போகுதுக. ஒருத்தியக் கூப்பிட்டு, "இந்தக் கேள்விய எழுதுனியா?"ன்னு கேட்டேன்.

"எழுதுனேன்க்கா. உங்க மிஷின்ல அந்தப் பக்கம் சிக்கிக் கிழிஞ்சிட்டாமே? ஈஸ்வரிதான் போர்டுல பூராவும் எழுதிப் போட்டா. பாக்காமலே எழுதுனா. எல்லாரும் பாத்து எழுதிக்கிட்டோம்."

மிஷின்ல சிக்கிக் கிழிஞ்சிட்டாம். என்னையக் காட்டிக் குடுக்கல பாருங்க. அது எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு. என்ன பெரிய மனுஷித்தனம்! திட்டிட்டுப் போயிருந்தா நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், மறுநாள் சரியாப் போயிருக்கும்.

ரிசல்ட் வந்த அன்னைக்கு அவளும் அவ அம்மாவும் இந்தப் பக்கம் வந்தாக. பக்கத்து டெய்லர் கடையில மிட்டாய் குடுக்காக, சத்தம் கேக்குது. நல்ல மார்க்கு. நர்சிங் படிக்க நாகர்கோவில் பக்கம் போறாளாம். என் கடை வாசல்ல நிழல் விழுந்துச்சு. நான் குனிஞ்சு தாளு வைக்கிற ட்ரேய இழுத்து, தள்ளி, இழுத்து, தள்ளி... அதுல ஒரு கோளாறும் இல்ல. நிமிந்து பாத்தப்ப வாசல்ல யாரும் இல்ல. "உள்ள வாட்டி"ன்னு கூப்பிட என்ன வந்துச்சு எனக்கு? அவ ஒரு "யக்கா" சொல்லியிருந்தா நான் நிமிந்திருக்க மாட்டேனா? சொல்லலையே. இன்னமே எங்க வரப்போறா.

ஆனா அவ செஞ்சது தப்பு டீச்சர். நீங்களே சொல்லுங்க, உங்க பாடம்தான. இந்தா, இந்த ட்ராயர்லதான் கிடக்கு. ஒரு வருஷமா இதத் தொடல. பாருங்க, எப்படிக் கோடு போட்டு வச்சிருக்கான்னு.

என்ன டீச்சர், வாசிக்கச் சொல்லி எங்கிட்டயே நீட்டுதீங்க?

நானா? நான் எதுக்கு வாசிக்கணும்? தலைப்பப் பாத்தா போதாதா? ...சரி, குடுங்க. வெளிச்சத்துப் பக்கம் வாறேன்.

"மலட்டுத்தன்மை: காரணங்கள்." ம். "ஆண்களிடம் காணப்படும் காரணங்கள்." இதுல கோடு போட்டிருக்கா. "விந்தணுக்களின் எண்ணிக்கை குறைவாக இருத்தல், அவற்றின் இயக்கம் குறைதல்." இதுக்கும் கோடு. "வெளித்தோற்றத்தில் முழு ஆரோக்கியத்துடன் இருப்பவரிடமும் இக்குறைபாடு இருக்கலாம்." இதுக்கும். "எனவே கணவன், மனைவி இருவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்." இதுக்கு ரெண்டு கோடு, அழுத்திப் போட்டிருக்கா.

அடுத்தது "பெண்களிடம்." அது ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு வரி இருக்கு. இதுல ஒரு கோடும் இல்லையே டீச்சர். எனக்கு வலிக்கிற பாதியில பிள்ளை பென்சிலே வைக்கல.

டாக்டரம்மா சொன்னாங்களே. உனக்கு ஒண்ணும் இல்லம்மா, அவரக் கூட்டிட்டு வான்னு. நான் வீட்டுல சொல்லவே இல்லையே டீச்சர். அந்தத் திருப்பூர்ப் பிள்ளைக்கும் ஒம்பது வருஷம்... நானே பூ வச்சு விட்டேன். நானே விரதம் இருக்கச் சொன்னேன்.

தண்ணி எல்லாம் வேண்டாம். நீங்க உக்காருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.

எனக்கு ஒண்ணும் இல்லையாம் டீச்சர்.

ஆங், கரண்ட் வந்துட்டு. சத்தம் கேக்குதா, சூடேற ரெண்டு நிமிஷம் ஆகும். உங்க நாப்பது செட்டு எங்கயும் ஓடிப் போகாது, மொதல்ல இத ஒரு காப்பி எடுத்துக்கிடுதேன். சுலோச்சனாவுக்கு இன்னைக்கே தபால்ல போடணும். நாளைக்கு வெள்ளிக்கிழம, அந்தப் பிள்ளை பட்டினியாக் கிடக்கும், போன் போட்டுச் சாப்பிடச் சொல்லணும்.

நீங்க எனக்கு ஒரு உதவி செய்யணும். ஸ்கூல் ரெஜிஸ்தர்ல ஈஸ்வரி வீட்டு நம்பர் இருக்கும்ல? எடுத்துத் தாங்க. பயப்படாதீங்க, சண்டை போட மாட்டேன். அன்னைக்கு "ஆண்களிடம்"னு ஆரம்பிச்சவள நான்தான பாதியில நிறுத்துனேன்? மீதியச் சொல்லுட்டி, நான் புடிச்சிருக்கேன்னு சொல்லணும்.